ஏற்காட்டுக் கல் வீட்டில் குளிர்: சுவரைக் கடைசியாகத் தொடுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் வீடு 1930களில் கட்டியது. ஒன்றரை அடிக் கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே மங்களூர் ஓடு, அதற்குக் கீழே பலகை சீலிங். மார்கழி, தையில் ராத்திரி ஆனால் வீட்டுக்குள்ளேயே காற்று சுற்றுகிறது. மாமியாருக்கு 82 வயது, வீசிங் உண்டு. அவர் படுக்கும் அறை வடக்குப் பக்கம். பதினைந்து வருடத்துக்கு முன் உள்ளே போட்ட சிமெண்ட் பூச்சு முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து கொட்டுகிறது. சேலத்து ஒப்பந்ததாரர் ஒருவர், சுவர் முழுக்க இரண்டு அங்குலத் தெர்மாக்கோல் வைத்து ஜிப்சம் போர்டு அடித்தால் குளிரே தெரியாது என்கிறார். பாஸ்டனில் இருக்கும் என் மகன், சுவரில் துளை போட்டுக் காகிதப் பஞ்சை உள்ளே ஊதச் சொல்கிறான். அவன் வீட்டில் அப்படித்தான் செய்தார்களாம். எதைச் செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஒப்பந்ததாரரிடம் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் நல்லது. கொடுத்திருந்தால், அந்தப் பணத்துக்கு அவரையே வேறு வேலை செய்யச் சொல்லலாம். அது என்ன வேலை என்று கீழே எழுதுகிறேன்.

உங்கள் மகன் சொல்வது அவர் வீட்டுக்குச் சரியான யோசனை. அமெரிக்காவில் பழைய வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் கட்டியவை. 16 அங்குலத்துக்கு ஒரு கட்டை நிறுத்தி, வெளியே பலகை, உள்ளே பூச்சு. நடுவில் மூன்றரை அங்குலம் வெறும் இடம். பழைய செய்தித்தாளை அரைத்து, தீயும் பூச்சியும் பிடிக்காமல் இருக்க போரேட் உப்பு கலந்து, அந்தக் காலி இடத்தில் குழாய் வழியாக ஊதி நிரப்புவார்கள். நல்ல முறை. ஆனால் உங்கள் சுவரில் அந்தக் காலி இடமே கிடையாது. வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல், உள்முகத்துக்கு ஒரு வரிசைக் கல், இடையில் சில்லுக் கல்லும் சாந்தும் போட்டு அடைத்த சுவர் அது. துளை போட்டால் துளைக்கும் கருவி மழுங்கும், சாந்து உதிரும், பஞ்சு போக இடம் இருக்காது.

தெர்மாக்கோல் யோசனை அப்படியில்லை. அதைச் செய்ய முடியும், செய்தால் முதல் வருடம் சுகமாகவும் இருக்கும். அதனால்தான் பயப்படுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவுக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தேன். கல் சுவரில் ரீப்பர், அதாவது மெல்லிய மரச் சட்டம், அடித்து, இரண்டு அங்குலத் தெர்மாக்கோல் திணித்து, மேலே ஜிப்சம் போர்டு, அதன் மேல் பளபளவென்று பெயிண்ட். வீட்டுக்காரர் மகிழ்ச்சியாகப் பணம் கொடுத்தார். மறு வருடம் ஐப்பசி மழை முடிந்ததும் கூப்பிட்டார். படுக்கையறைக்குள் நுழைந்ததும் நனைந்த கோணிப்பை வாடை. கட்டிலுக்குப் பின்னால் ஒரு போர்டைக் கழற்றினோம். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூசணம். தெர்மாக்கோலை இழுத்தால் அதன் முதுகில் முத்து முத்தாகத் தண்ணீர். ரீப்பரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்த அறையில் ஒரு குழந்தை படுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் என் செலவில் பிரித்து எடுத்தேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழை பாதி, மூச்சு பாதி. நான்கு பேர் சமைத்து, குளித்து, துணி காய வைத்து, தூங்கி எழும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. அது எங்கே குளிர்ந்த பரப்பு கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். அறைக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 14 டிகிரி சொச்சத்துக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் பனித்துளி இறங்கும். ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் வெளியே 13 டிகிரி சாதாரணம். இப்போது உங்கள் கல் சுவரின் உள்முகம் அறையின் சூட்டைக் கொஞ்சம் வாங்கி 17 டிகிரி அளவில் நிற்கும். அதில் பனி இறங்காது. இரண்டு அங்குலத் தெர்மாக்கோலை உள்ளே வைத்துவிட்டால் அறைச் சூடு கல்லுக்குப் போகாது. கல்லின் உள்முகம் 14க்குக் கீழே இறங்கிவிடும். போர்டு இணைப்பு, சுவிட்ச் பெட்டி ஓரம், ஆணி ஓட்டை என்று எதன் வழியாகவோ ஆவி பின்னால் போகும், குளிர்ந்த கல்லில் தண்ணீராகும், அங்கேயே தங்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மாமியாரின் நெஞ்சுக்குத் தெரியும்.

அதோடு உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அந்தக் காலத்துக் கொத்தனார் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், வராமல் தடுக்கப் பார்க்கவில்லை. வந்த ஓதம் இரண்டு பக்கமும் காய்ந்து போகட்டும் என்று விட்டார். சுவர் நனையும், காயும், மறுபடி நனையும், காயும். தொண்ணூறு வருடமாக நிற்பதற்கு அதுதான் காரணம். பதினைந்து வருடத்துக்கு முன் போட்ட சிமெண்ட் பூச்சு உள்பக்க வழியை அடைத்துவிட்டது. முழங்கால் உயரத்தில் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கொட்டுவது, சுவர் அந்தப் பூச்சைத் தள்ளிக்கொண்டு மூச்சு விடுவதால்தான். அதன் மேல் இன்னொரு மூடியையும் போட வேண்டாம்.

சரி, குளிருக்கு என்ன செய்வது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காற்று சுற்றுகிறது என்று. கல் சுவர் ஜில்லென்று இருக்கும், ஆனால் அதன் வழியாகக் காற்று வராது. வேறு எங்கோ ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். வாடைக்காற்று அடிக்கும் ஒரு ராத்திரி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தியைக் கதவு நிலையின் ஓரமாக மெதுவாகக் கொண்டு போங்கள். புகை நேராக மேலே போனால் அங்கே பிரச்சினை இல்லை. படுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினால் அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கதவு, ஜன்னல் சட்டம், சுவரும் சீலிங்கும் சேரும் மூலை, சுவிட்ச் போர்டு, ஒயர் நுழையும் துளை, கணப்பு இருந்தால் அதன் வாய் எல்லாவற்றையும் பாருங்கள். திரைச்சீலையிடம் மட்டும் ஜாக்கிரதை. அரை மணி நேரத்தில் வீட்டின் வரைபடம் கையில் வந்துவிடும்.

ஓட்டை சின்னதுதானே என்று நினைக்காதீர்கள். மூன்றடி அகலம், ஏழடி உயரக் கதவுக்குச் சுற்றளவு இருபது அடி. பழைய நிலையில் கதவைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது சாதாரணம். அத்தனையையும் ஒன்று சேர்த்தால் 180 சதுர சென்டிமீட்டர் வருகிறது. சுவரிலிருந்து ஒரு செங்கல்லை உருவி எடுத்துவிட்டால் எவ்வளவு ஓட்டையோ, அவ்வளவு. உங்கள் மாமியார் அறைக்கு ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் என்றால், இரண்டு மூன்று செங்கல் இல்லாத சுவருக்குப் பக்கத்தில் அவர் தூங்குகிறார்.

இதற்கு மருந்து மலிவு. கதவு நிலையின் உள்விளிம்பில் ஒட்டும் ரப்பர் பட்டை, கதவுக்கு அடியில் அடிக்கும் பிரஷ் பட்டை, இரண்டும் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு நல்ல ஆசாரியை வரவழையுங்கள். கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும், தாழ்ப்பாள் நேராக விழாது. முதலில் அதைச் சரிசெய்யாமல் ரப்பர் ஒட்டினால் ஒரு மாதத்தில் பிய்ந்துவிடும். மழைக்காலத்தில் கதவு உப்பும், கோடையில் சுருங்கும். அதனால் இழைப்பதைப் பங்குனியில் செய்யக் கூடாது, ஐப்பசியிலும் கூடாது. மழை ஓய்ந்து மரம் கொஞ்சம் காய்ந்த தை மாதம்தான் சரி. நிலைக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கும் வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டாம், சுண்ணாம்புக் கலவை போதும். சிமெண்ட் மரத்தோடு சேர்ந்து அசையாமல் மறுபடியும் வெடிக்கும்.

அடுத்தது தலைக்கு மேல். சூடான காற்று மேலே போகும். உங்கள் பலகை சீலிங்கின் இடுக்குகள் வழியாக அது ஏறி, ஓட்டு இடுக்கில் வெளியே போய்விடும். போன காற்றுக்குப் பதிலாகக் கதவுக்கு அடியில் குளிர்ந்த காற்று உள்ளே வந்தாக வேண்டும். கால் சில்லிடுவதற்குக் கூரைதான் காரணம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒப்பந்ததாரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள். முதலில் உடைந்த ஓடுகளை மாற்றி, மோட்டு ஓட்டைச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்பப் பதிக்க வேண்டும். பலகை இடுக்குகளுக்குக் கீழிருந்து மெல்லிய ரீப்பர் அடித்து மூட வேண்டும். பிறகு சீலிங்குக்கு மேலே ராக் வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகள், 50 மில்லிமீட்டர் தடிமனில், இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு கீழ் அடுக்கின் இணைப்பை மூடுகிற மாதிரி மாற்றிப் போட வேண்டும். இடுக்கை மூடாமல் ராக் வூல் போட்டால் தூள் கீழே உதிரும், வீசிங்காரருக்கு ஆகாது. போடுகிறவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் கொடுங்கள், அரிக்கும்.

மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஓட்டுக்கும் ராக் வூலுக்கும் நடுவில் இடம் விட வேண்டும், இறவாணத்துப் பக்கத்தில், அதாவது கூரை சுவரைத் தாண்டி இறங்கும் ஓரத்தில், உள்ள காற்று வழியை அடைக்கக் கூடாது. அங்கே எலி புகாத கம்பி வலை அடித்தால் போதும். மரநாய் வரும் ஊர் அது, வலை கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும். அடுத்து, ராக் வூலுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மூன்றாவது, சீலிங்குக்கு மேல் ஓடும் பழைய ஒயர்கள். துணி சுற்றிய, ரப்பர் பூசிய காலத்து ஒயர் இருந்தால் முதலில் அதை மாற்றி, குழாய்க்குள் இழுத்த பிறகே எதையும் மேலே போடலாம். சூடாகும் ஒயரைப் போர்வைக்குள் புதைப்பது தீயை வளர்த்து வைப்பது.

வெள்ளைக்காரர் காலத்து வீடு என்றால் கணப்பு இருக்கக்கூடும், நீங்கள் எழுதவில்லை. எரிக்காத கணப்பின் புகைக்கூண்டு ராத்திரி முழுக்க வீட்டுச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் வாய்க்கு ஒரு பலகைக் கதவு செய்து, கீழே ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி வையுங்கள். எரிக்கும் நாளில் பலகையை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இடைவெளிகளை மூடிய பிறகு, எக்காரணம் கொண்டும் அந்த அறைக்குள் கரி அடுப்போ கங்குச் சட்டியோ வைத்துத் தூங்காதீர்கள். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலை ஊர்களில் குளிருக்குக் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இத்தனை நாள் அந்த ஓட்டைக் கதவுகள்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அங்கே உள்ள காற்று வழியை ஒருபோதும் அடைக்க வேண்டாம். சமையலறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, சமைக்கும்போதெல்லாம் ஓட விடுங்கள். படுக்கையறையில் ஒரு வென்டிலேட்டரைத் திறந்து மூடுகிற மாதிரி விட்டு வையுங்கள். தேவையில்லாத காற்றைத்தான் நிறுத்துகிறோம், தேவையானது நம் கையில் இருக்க வேண்டும்.

இனி சுவருக்கு வருகிறேன். முழங்கால் உயர ஓதத்தை முடிக்காமல் சுவரில் எதையும் ஒட்டக் கூடாது. மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தோட்டத்து வீடுகளில் மேட்டுப் பக்கத்து மண் வருடா வருடம் சரிந்து வந்து, உள்தரையைவிட உயரமாகச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும். சில்வர் ஓக் சருகு அதன் மேல் மக்கி, நனைந்த பஞ்சு மாதிரி சுவரை அணைத்துக்கொண்டிருக்கும். அந்த மண்ணை உள்தரைக்கு அரையடி கீழே வரும் அளவுக்கு வெட்டி எடுத்து, தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட ஒரு வாய்க்கால் விட வேண்டும். நான் பார்த்த வீடுகளில் ஓத வைத்தியத்தில் பாதி மண்வெட்டியாலேயே முடிந்திருக்கிறது. பிறகு உள்ளே, பொரிந்த சிமெண்ட் பூச்சைக் கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, கல்லை ஒரு கோடை முழுக்கச் சும்மா காய விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. அதன் பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நீர்த்த சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்குள் ஊற வைத்து, அப்புறம் மணல் சேர்த்து அரைக்கிற கொத்தனாராகப் பாருங்கள். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. மலையேறும் முன் கருப்பூர் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரிகிறதே, அதைச் சுண்ணாம்பு என்று சிலர் சொல்வார்கள். அது மேக்னசைட், உலைக்குள் வைக்கும் தீச்செங்கல் செய்கிற கல். பூச்சுக்கு ஆகாது.

அதற்கும் பிறகு வடக்கறை குளிர்ந்தால்? குளிரலாம். அறையின் காற்று சூடாக இருந்தாலும், பக்கத்தில் ஜில்லென்ற கல் இருந்தால் உடம்பின் சூட்டை அது இழுத்துக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செலவில்லாத வேலை, கட்டிலை வடக்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுவது. அடுத்தது, ஒரு பவானி ஜமுக்காளத்தைக் கம்பியில் கோத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கித் தொங்க விடுவது. குளிர்காலம் முடிந்ததும் கழற்றி வெயிலில் உதறலாம், பின்னால் சுவர் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கலாம். ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் அப்படிப் பார்க்க முடியாது.

அப்படியும் போதாவிட்டால், அந்த ஒரு சுவருக்கு மட்டும், குளிரைத் தடுக்கும் பலகை ஒரே அங்குலம். இங்கே தடிமன் கணக்கு முக்கியம். உங்கள் சுவர் மாதிரியான கல் சுவருக்குத் தெர்மாக்கோல் தரத்தில் உள்ள ஒரு பொருளை வைத்தால், முதல் அங்குலமே போகிற சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நிறுத்திவிடும். இரண்டாவது அங்குலம் கூடுதலாக நிறுத்துவது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் கல்லை இன்னும் குளிர வைத்து, பனி இறங்கும் ஆபத்தைக் கூட்டிவிடும். நான் தெர்மாக்கோலையும் சொல்லவில்லை. மர இழையைச் சிமெண்டில் பிணைத்துச் செய்யும் வுட் வூல் பலகை, அல்லது கார்க் பலகை. இவை ஆவியை அடைத்து வைக்காது. ரீப்பர் அடித்துப் பின்னால் வெற்றிடம் விடாமல், புதுச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சுண்ணாம்புச் சாந்தாலேயே முழுக்க ஒட்ட வேண்டும். மேலே மறுபடி சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது. வுட் வூல் பலகை ஒரு அங்குலத்தில் நாற்பது சதவீதம் அளவுக்குத்தான் நிறுத்தும். தெர்மாக்கோலைவிடக் குறைவுதான். அந்த அறைக்கு அது போதும்.

சேலத்திலிருந்து இதே மாதிரி எழுதும் வாசகர்களுக்கு ஒரு வரி. கீழே உங்கள் பிரச்சினை நேர் எதிர். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் 1200 மீட்டர் உயர வித்தியாசம், ஏழெட்டு டிகிரி வித்தியாசம். நீங்கள் சுவரைப் பற்றி யோசிக்கும் முன் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்து, மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள்.

மீண்டும் உங்கள் வீட்டுக்கு. வேலையை மார்கழி, தையிலேயே தொடங்குங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டம் வந்துவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வண்டியும் கிடைக்காது, கொத்தனாரும் கிடைக்கமாட்டார். கதவு, ஜன்னல், சீலிங் இந்த வருடம். மண் வெட்டுவதும் பூச்சைக் கொத்துவதும் கோடைக்கு முன். வடக்குச் சுவர் அடுத்த தையில்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்து எனக்கு எழுதுங்கள். ஓரடிச் சதுரமான கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை, மாமியார் அறையின் வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்தில், நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு ராத்திரி விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் காலையில் தாளின் அறைப்பக்கம் ஈரமா, சுவர்ப்பக்கம் ஈரமா என்று பாருங்கள். அறைப்பக்கம் என்றால் அது வீட்டு ஆவி, காற்று வழியைக் கூட்ட வேண்டும். சுவர்ப்பக்கம் என்றால் சுவர் இன்னும் காயவில்லை, பலகையை இன்னொரு வருடம் தள்ளிப் போடுகிறோம். எந்தப் பக்கம் என்று ஒரு வரி போதும் அம்மா, அதை வைத்துத்தான் அந்தச் சுவருக்கு எந்தப் பலகை என்று சொல்வேன்.